அமைதியான ஏரியிலும் கயாக் ஏன் நேராகப் போவதில்லை?

காற்றில்லை, அலையில்லை, ஆனாலும் கயாக் (இரு முனையிலும் தட்டையான அலகுள்ள துடுப்பால் செலுத்தும் சிறு படகு) இடமும் வலமுமாகத் திரும்புகிறது, கையில் வலு போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வலப்பக்கம் துடுப்பு வலித்தால் படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும். துடுப்பு படகை விட்டு விலக விலக அந்தத் திருப்பமும் கூடும். அதனால் பாதத்துக்கு நேராகத் துடுப்பை இறக்கி, படகை ஒட்டியே இழுத்து, இடுப்பருகே வந்ததும் எடுத்துவிடுங்கள். புதியவர்கள் பலரும் இடுப்பைத் தாண்டி இழுக்கிறார்கள்; அது வேகம் தராது, படகைத் திருப்பத்தான் செய்யும். கையால் மட்டும் இழுக்காமல் உடம்பையே திருப்பி இழுங்கள். பார்வை எதிர்க்கரை மரம் ஒன்றில் இருக்கட்டும். கேனோ என்னும் திறந்த சிறு படகு என்றால் துடுப்புக்கு ஒரு முனையில் மட்டும்தான் அலகு; அங்கே இழுப்பின் முடிவில் துடுப்பைச் சற்று வெளியே தள்ளி நேராக்குவார்கள். குளம்தானே என்று லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.