ரே யார் வீட்டுப் பெண்?

ஸ்டார் வார்ஸ் கதாநாயகி ரேயின் பெற்றோரைப் பற்றி ஏன் இத்தனை ஊகங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2015-இல் வந்த படமே அதற்கு இடம் கொடுத்தது. ஜாக்கு என்ற பாலைவனக் கிரகத்தில் பழைய இரும்பு பொறுக்கிப் பிழைக்கும் பெண், குடும்பம் திரும்பி வருமென்று சுவரில் கோடு கிழித்து நாள் எண்ணுகிறாள். யார் அந்தக் குடும்பம்? சொல்லவே இல்லை.

பழைய படங்களின் நாயகன் லூக்கின் ஒளிவாள் அவளை அழைத்ததால் லூக்கின் மகள் என்றார்கள் பலர். எனக்குப் பிடித்தது, லூக்கின் குரு ஓபி-வானின் பேத்தி என்ற ஊகம். வாளைத் தொட்டதும் அவருடைய குரல் கேட்கிறதே! முதலில் ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸின் பழைய வசனத்தில் இருந்த 'அஃப்ரெய்ட்' என்ற சொல்லிலிருந்து 'ரே' என்ற ஓசையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். இவ்வளவு மெனக்கெட்டால் ரசிகன் சும்மா இருப்பானா? அப்படியொரு உறவு ஒரு கட்டத்தில் யோசனையில் இருந்ததாக ரேயாக நடித்த டெய்சி ரிட்லியே 2020-இல் சொன்னார்.

2017 படத்தில், குடிக்காசுக்குப் பிள்ளையை விற்ற சாதாரண ஆட்கள்தான் அவள் பெற்றோர் என்றான் வில்லன் கைலோ ரென். துணிச்சலான பதில். அப்புறம் 2019-இல் பழைய படங்களின் பெரிய வில்லனான பேரரசர் பால்பட்டீனின் பேத்தி ஆக்கிவிட்டார்கள். விற்றது உண்மை, ஆனால் காப்பாற்றவே விற்றார்கள் என்று போட்ட ஒட்டு எனக்கு இன்னும் ஒட்டவில்லை.