விளையாட்டுக் கேள்வி – பதில்: சாஃப்ட்பால் கையுறையைத் தேர்வதும் பழக்குவதும்

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் கல்லூரி அணியில் அவுட்ஃபீல்டில் (மைதானத்தின் வெளிப்பகுதியில்) ஆடிவந்த என்னைப் பயிற்சியாளர் இப்போது ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே) மாற்றியிருக்கிறார். என்னுடைய 13 அங்குலக் கையுறையில் பந்து நன்றாகத் தங்குகிறது. ஆனால் அதை எடுத்து எறிவதற்குள் ஓடுபவர் முதல் பேஸைத் தொட்டுவிடுகிறார். புதிய கையுறை வாங்கத்தான் வேண்டுமா? வாங்குவதானால் எதையெதைப் பார்க்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: வாங்கத்தான் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், குறை உங்கள் கையில் இல்லை, கையுறையின் ஆழத்தில் இருக்கிறது. பேஸ்பாலை ஒத்த சாஃப்ட்பாலில், ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களான பேஸ்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 60 அடிதான். பேஸ்பாலில் அது 90 அடி. வேகமாக ஓடக்கூடிய ஒருவர் அந்த 60 அடியை மூன்று விநாடிக்குச் சற்று முன்னோ பின்னோ கடந்துவிடுவார். அதற்குள் தரையில் உருண்டு வரும் பந்தைத் தடுத்து, கையுறையிலிருந்து உருவி, விரல்களை அதன் தையல்மேல் பதித்து எறிந்தாக வேண்டும். அவுட்ஃபீல்ட் கையுறை, ஓடிச் சென்று பிடித்த பந்தை நழுவவிடாமல் வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டது. பேஸ்களை ஒட்டி நிற்பவருக்கான இன்ஃபீல்ட் கையுறை, வாங்கிய பந்தை உடனே மறு கைக்குக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. முன்னதில் நீங்கள் பந்தைத் தேடுகிறீர்கள். பின்னதில் பந்து உங்கள் விரலுக்குக் காத்திருக்கும்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸின் இறுதி ஆட்டத்தை (2021 ஜூலை 27, யோகோஹாமா) மீண்டும் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஆறாவது இன்னிங்ஸைக் கவனியுங்கள். அமெரிக்க வீராங்கனை வேகமாக அடித்த பந்து, ஜப்பானின் தேர்ட் பேஸ் வீராங்கனையின் கையில் பட்டுத் தெறித்தது. அது தரையைத் தொடும் முன்பே ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற அட்சுமி மானா அதைப் பிடித்து, அதே மூச்சில் செகண்ட் பேஸுக்கு எறிந்தார். அடித்தவரும், அந்த பேஸை விட்டு நகர்ந்திருந்த ஓடுபவரும் என இரண்டு பேர் அவுட். ஜப்பான் 2–0 என்ற கணக்கில் தங்கம் வென்றது. பிடித்ததற்கும் எறிந்ததற்கும் நடுவில் இருந்த அந்தச் சிறு இடைவெளியில், பந்து ஆழமான ஒரு கையுறையின் விரலிடைப் பின்னலான வெப்புக்குள் சிக்கியிருந்தால் இரண்டாவது அவுட் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

அளவைப் பொறுத்தவரை, ஷார்ட்ஸ்டாப்புக்கும் செகண்ட் பேஸுக்கும் 11.5 முதல் 12 அங்குலம் வரை போதுமானது. தேர்ட் பேஸில் நிற்பவர், பன்ட் (மட்டையால் மெதுவாகத் தட்டிவிடும் அடி) வரலாம் என்று பேஸுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியிருப்பதால், பந்து அவரை நோக்கி வேகம் குறையாமல் வரும். அவருக்கு 12 முதல் 12.5 அங்குலம் பொருந்தும். ஆள்காட்டி விரலின் நுனியில் தொடங்கி, பந்து விழும் குழியின் வழியே வளைந்து இறங்கி, உள்ளங்கையின் அடிவிளிம்பு வரை அளப்பதே கையுறையின் நீளம். தையற்காரர் வைத்திருக்கும் நாடாவால் நீங்களே அளந்துவிடலாம்.

கடைகளில் அடிக்கடி நேரும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். 11.5 அங்குலம் என்று எழுதியிருக்கிறது என்பதற்காகப் பேஸ்பால் கையுறையை வாங்கிவிடாதீர்கள். பேஸ்பால் பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 9 அங்குலம், அதாவது நாம் அறிந்த கிரிக்கெட் பந்தின் அளவு. சாஃப்ட்பால் பந்து 12 அங்குலம். சிறிய பந்துக்கென வெட்டப்பட்ட குழியில் பெரிய பந்து விளிம்பில் உட்கார்ந்து வெளியே குதிக்கும். பெண்கள் ஆடும் ஃபாஸ்ட்பிட்ச் (வேகப் பந்துவீச்சு) வகைக்கென்றே செய்யப்படும் கையுறைகளில் குழி அகலமாகவும், கை நுழையும் வாய் குறுகலாகவும், மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொள்ளும்படியும் இருக்கும். கையை நுழைத்து, விரல்களைத் தரையை நோக்கித் தொங்கவிட்டு உதறிப் பாருங்கள். கையுறை கழன்று சரியுமானால், எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும் அது உங்களுக்கு உரியதன்று. கடைக்குப் போகும்போது 12 அங்குலப் பந்து ஒன்றை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

இணையத்தில் வாங்குபவர்கள் ‘ரைட் ஹேண்ட் த்ரோ’ என்ற குறிப்பைப் பார்த்து வலக்கையில் அணிவது என்று எண்ணி ஏமாறுகிறார்கள். வலக்கையால் எறிபவருக்கான கையுறை என்பதே அதன் பொருள். அது இடக்கையில் அணியப்படும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பின்னலைத்தான் வெப் என்கிறோம். இன்ஃபீல்டுக்கு, I அல்லது H எழுத்தின் வடிவில் பட்டைகள் அமைந்த ஐ-வெப் அல்லது எச்-வெப் ஏற்றது. அவற்றின் இடைவெளிகள் வழியே மண் உதிர்ந்துவிடுவதால், பந்தோடு ஒரு பிடி மண்ணும் விரலுக்குள் வருவதில்லை. முழுதும் மூடிய வெப், பந்தைப் பற்றியிருக்கும் விதத்தை எதிரணியினரிடமிருந்து மறைக்க விரும்பும் பிட்சருக்கே (பந்து வீசுபவருக்கே) பெரிதும் பயன்படும்.

தோலில் கஞ்சத்தனம் வேண்டாம். தடித்த மாட்டுத்தோல் பழகுவதற்கு நாளாகும், ஆனால் பழகிய வடிவத்தைப் பல பருவங்கள் விடாது. கிப் எனப்படும் இளமாட்டின் தோல் இன்னும் இலேசானது, விலை கூடியது. செயற்கைத் தோல் முதல் நாளே மென்மையாக இருக்கும். சில மாதங்களில் துவண்டுவிடும், உங்கள் கைக்கென்று ஒரு வடிவத்தை அது ஒருபோதும் பெறாது. சில கையுறைகளில் வெளிப்புறம் மட்டும் தோலாக இருந்து உட்புறம் வேறொன்றாக இருக்கும் என்பதால், உள்ளங்கைப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: புதிய கையுறை பலகையைப் போல விறைப்பாக இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஊற வைக்கச் சொல்கிறார் ஒருவர். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். இரவில் மெத்தைக்கு அடியில் வைத்துப் படுக்கச் சொல்கிறார் மூன்றாமவர். எது சரி?
– பள்ளி உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு

பதில்: மூன்றுமே வேண்டாம். மைக்ரோவேவ் தோலிலுள்ள ஈரத்தையும் நெய்ப்பசையையும் வற்றவைத்து, தோலில் வெடிப்பு விழச் செய்யும். கையுறையில் உலோகக் கண்கள் இருந்தால் தீப்பொறியும் பறக்கும். மெத்தை கையுறையைத் தட்டையாக்குகிறதே தவிரக் குழியை உண்டாக்குவதில்லை. தேங்காய் எண்ணெயைப் பற்றி நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். என்னிடம் பயின்ற ஒரு மாணவியின் புதிய கையுறையை வீட்டிலுள்ளோர் அன்போடு இரவு முழுதும் எண்ணெயில் ஊற வைத்துக் கொடுத்தார்கள். அவள் அதைக் கொண்டுவந்த காலையில் கையில் வாங்கிப் பார்த்தேன். ஈரத் துணி மூட்டையைப் போலக் கனத்தது. விரல் நுனிகள் நிற்கவில்லை, வாடிய கீரைத் தண்டைப் போல மடிந்தன. மூன்றாவது வாரத்தில் எண்ணெய் சிக்கடித்து, மைதானத்து மண் முழுவதும் அதன்மேல் அப்பிக்கொண்டது. குடும்பம் சேர்த்து வைத்து வாங்கிய கையுறை அது. நுழைந்த எண்ணெயைத் தோலிலிருந்து திரும்ப எடுக்க வழியில்லை.

கையுறையைப் பழக்குவது காளையை ஏருக்குப் பழக்குவதைப் போன்றது. அடக்கி ஒடுக்குவதால் ஆவதில்லை, நாள்தோறும் உடனிருந்து செய்வதால் ஆவது. முதலில், கையுறைக்கென்று விற்கப்படும் பதனப் பசையைப் பட்டாணி அளவு மட்டும் துணியில் எடுத்து, கட்டைவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, தோல் வார்கள் ஆகியவற்றில் தடவி ஒரு நாள் விட்டுவிடுங்கள். அடுத்த நாள் அந்த இரண்டு அடிப்பகுதிகளையும் தனித்தனியே முன்னும் பின்னுமாக வளைத்துக் கொடுங்கள். இன்ஃபீல்ட் கையுறை எங்கே மடிய வேண்டும் என்பதை இந்தச் சில நாட்களே முடிவு செய்கின்றன. புத்தகத்தை மூடுவதைப் போல நடுவில் மடித்துப் பழக்கிவிட்டால், அது தரையில் அகல விரியாமல் பாதி மூடிய நிலையிலேயே நிற்கும். உருண்டு வரும் பந்து விளிம்பில் மோதித் தாவும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இரு கதவுகளைப் போல நடுவை நோக்கி வர வேண்டும், நடுப்பகுதி பரந்து கிடக்க வேண்டும்.

பிறகு தச்சர் பயன்படுத்தும் கொட்டாப்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் துணி சுற்றி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் அடியில், அதாவது பந்து வந்து விழ வேண்டிய அந்த ஒரே இடத்தில், நிதானமாகத் தட்டுங்கள். ஜப்பானில் கைதேர்ந்தவர்கள் வெந்நீரில் நனைத்துப் பிசைந்து பழக்கும் முறையும் உண்டு. அதை ‘யுமொமி’ என்பார்கள். நீரின் சூடும், பின்னர் உலர்த்தும் பக்குவமும் தெரிந்தவர் கையில் அது அருமையான முறை. தெரியாதவர் வீட்டில் முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவையெல்லாம் முன்வேலை மட்டுமே. கையுறை உண்மையில் பழகுவது பந்தைப் பிடித்துத்தான். ஒரு துணையோடு நாள்தோறும் அரை மணி நேரம், முதலில் மெதுவாகவும் போகப்போக வேகமாகவும், நீங்கள் ஆடும் அதே 12 அங்குலப் பந்தால் பிடித்து ஆடுங்கள். டென்னிஸ் பந்தாலோ கிரிக்கெட் பந்தாலோ பழக்கினால் குழி அவற்றின் அளவுக்கே அமைந்துவிடும். தோலின் தடிப்பைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்; அதுவரை போட்டிக்குப் பழைய கையுறையையே கொண்டு செல்லுங்கள்.

சில நாட்கள் சென்றதும் உள்ளங்கைத் தோலில் பந்து படும் இடம் கருத்து, வட்டமான தடம் ஒன்று தோன்றும். அதை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். என் மாணவி ஒருவரின் கையுறையில் அந்தத் தடம் உள்ளங்கையில் இல்லாமல் வெப்பின் மேலேயே படிந்திருந்தது. பந்தின் அடி கையில் வலிக்கும் என்ற அச்சத்தில், வந்த பந்தையெல்லாம் அவர் வெப்பில் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் எறிவதில் ஏற்பட்ட தாமதத்துக்குக் காரணமும் அதுவே. உங்கள் மாணவிகளின் கையுறைகளை மாதம் ஒருமுறை வாங்கிப் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகள் இங்கே பள்ளிச் சிறுமிகளின் அணியில் சேர்ந்திருக்கிறாள். வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று 12.5 அங்குலக் கையுறை வாங்கலாமா?
– ஒரு தந்தை, நியூ ஜெர்சி

பதில்: வேண்டாம். பள்ளிச் சீருடையைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்துக் கொடுப்பது போலக் கையுறையைப் பெரிதாக வாங்க முடியாது. விரலால் மூட முடியாத கையுறையை வைத்திருக்கும் குழந்தை, பந்தைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் பத்து வயதுக்கு உட்பட்டோர் பொதுவாக 11 அங்குலப் பந்தால் ஆடுகிறார்கள். அவர்களுக்கு 11 அல்லது 11.5 அங்குலக் கையுறை போதும். பெரியவர்களுக்குச் சொன்ன தடித்த தோல் விதியும் இங்கே பொருந்தாது. அவள் தன் கையாலேயே எளிதில் மூடித் திறக்கக்கூடிய மென்மையான தோலாகப் பாருங்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் நனைந்த கையுறையைப் பைக்குள்ளேயே மறந்துவிட்டேன். நான்கு நாட்கள் கழித்துத் திறந்தபோது வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, சென்னை

பதில்: முடியும். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், உலர்ந்த துணியால் பூஞ்சையைத் துடைத்தெடுங்கள். பின்னர்ப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, குழியில் ஒரு பந்தை வைத்து, விரல் பகுதிகளில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகி, காற்றோட்டமுள்ள நிழலில் உலரவிடுங்கள். வெயிலிலோ தலைமுடி உலர்த்தும் கருவியாலோ அவசரப்படுத்தினால் தோல் சுருங்கி விறைத்துவிடும். செய்தித்தாள் ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். முழுதும் உலர்ந்த பிறகு பதனப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். தோலுக்கு முன்னால் இற்றுப்போவது வார்தான், அதுவும் பெரும்பாலும் வெப்பின் உச்சியில் உள்ள முடிச்சில். அப்படி இற்றிருந்தால் அந்த வாரை மட்டும் மாற்றினால் போதும்; அளவைச் சொன்னால் செருப்புத் தைக்கும் கடையிலேயே வெட்டித் தருவார்கள்.