சுவக்கின், அன்னம்மாள் கதையை வகுப்பில் சொல்லலாமா?

கேள்வி: மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். மாதாவின் பெற்றோர் சுவக்கின், அன்னம்மாள் பைபிளில் எங்கே வருகிறார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். தேடிப் பார்த்தேன், இல்லை. அந்தக் கதையை இனி சொல்லலாமா, விட்டுவிடலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். பைபிளில் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். ஜூலை 26இல் நாம் கொண்டாடும் இந்த இருவரும் 'யாக்கோபின் முதல் நற்செய்தி' என்ற கிரேக்க நூலில் வருகிறார்கள். அது 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. திருச்சபை அதை விவிலியத்தில் சேர்க்கவில்லை.

ஆனால் அதை எழுதியவர் விவிலியத்தில் ஊறியவர். 1 சாமுவேல் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளையில்லாத அன்னா அழுது மன்றாடுகிறார், பிறக்கும் மகனை ஆண்டவருக்கே கொடுப்பதாக நேர்ந்துகொள்கிறார். மாதாவின் தாய்க்கும் அதே பெயர், அதே ஏக்கம், அதே நேர்ச்சை. புதிதாக ஒரு காட்சி மட்டும் சேர்கிறது: தோட்டத்து மரத்தடியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறார், கிளையில் சிட்டுக்குருவிக் கூடு. பறவைக்குக்கூடக் குஞ்சு இருக்கிறதே என்று புலம்புகிறார். பிள்ளைக்காக ஏங்கிய எந்தப் பெண்ணுக்கும் அந்த வலி புரியும். எனக்கு இந்த நூலிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

இந்த நூல் எழுதப்பட இன்னொரு காரணமும் இருந்தது. மரியா நூல் நூற்றுப் பிழைத்த ஏழை, முறைகேடாகப் பிள்ளை பெற்றவர் என்று அந்த நூற்றாண்டில் ஏசினார்கள். செல்சுஸ் என்ற கிறிஸ்தவ எதிர்ப்பாளர் அதை எழுதியே வைத்தார். இந்த நூலிலோ சுவக்கின் பெரும் செல்வர். மரியாவும் நூல் நூற்கிறார், ஆனால் கூலிக்கு அல்ல. எருசலேம் ஆலயத்தின் திரைக்காக, ஊதா நிறத்திலும் சிவப்பிலும். பழிச்சொல்லுக்கு நூலாசிரியர் வாதாடாமல் கதையாலேயே பதில் சொல்கிறார்.

மாற்கு 6:3 சொல்லும் இயேசுவின் சகோதரர்களுக்கும் அவரிடம் விளக்கம் உண்டு: யோசேப்பு மனைவியை இழந்தவர், அவர்கள் மூத்த தாரத்துப் பிள்ளைகள். புனித ஜெரோம் இதை ஏற்கவில்லை, அவர்கள் உறவுமுறைச் சகோதரர்கள் என்று வாதிட்டார். கீழைத் திருச்சபைகளோ பழைய விளக்கத்தையே வைத்துக்கொண்டன.

சரி, வகுப்பில் எப்படிச் செய்வது? முதலில் 1 சாமுவேல் பகுதியைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் குருவிக் கூட்டுக் காட்சியை நீங்கள் சொல்லி, எதெல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது என்று கேளுங்கள். விவிலியம் எது, மரபு எது என்று அவர்களே பிரித்துவிடுவார்கள். செல்சுஸ் விவகாரத்தைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.