பாப்பிச் செடியில் இலைக்கு இலை வேறு வடிவம்: டானிக் ஊற்ற வேண்டுமா?

கேள்வி: ஆன்லைனில் ‘பாப்பி மிக்ஸ்’ என்று ஒரு விதைப் பாக்கெட் வாங்கி மாடித் தோட்டத்தில் விதைத்தேன். பெரும்பாலான செடிகளில் முதலில் வந்த இலை உண்டிவில் கவட்டை போலப் பிளந்திருந்தது. அடுத்து வந்தது மூன்று விரல் மாதிரி. இப்போது வருவதெல்லாம் கேரட் இலை போல இருக்கின்றன. நர்சரிக்காரர் ‘நுண்ணூட்டக் குறைபாடு’ என்று சொல்லி 450 ரூபாய்க்கு ஒரு டானிக் கொடுத்தார். ஊற்றலாமா? இரண்டு செடிகள் மட்டும் பிளவே இல்லாத அகல இலையோடு வேகமாக உயர்கின்றன. அவைதான் நல்ல செடிகளா? படம் அனுப்பியுள்ளேன். - கோவை வாசகி

பதில்: டானிக்கை ஊற்றாதீர்கள். கேரட் இலைச் செடிகளுக்கு ஒரு குறையும் இல்லை. கவலைப்பட வேண்டியது நீங்கள் ‘நல்ல செடிகள்’ என்று நினைக்கும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

முதலில் கேரட் இலைச் செடிகள். கவட்டை போல வந்தது இலை அல்ல, வித்திலை. விதைக்குள்ளேயே உருவாகிவிட்டது அது. உங்கள் கேரட் இலைச் செடிகள் கலிஃபோர்னியா பாப்பி. அதன் அடையாளமே அந்தப் பிளந்த வித்திலைதான். அதன் பிறகு வருபவைதான் உண்மையான இலைகள். ஓர் இலை தொடக்கத்தில் வெறும் குமிழ். அதன் ஓரம் இளசாக இருக்கும் வரைதான் புதுப் பிரிவுகள் முளைக்கும், முற்றிவிட்டால் அத்தோடு சரி. நாற்றுப் பருவத்து இலைகள் சீக்கிரம் முற்றிவிடுவதால் மூன்று விரலோடு நின்றுவிடுகின்றன. செடி வலுத்த பிறகு வருபவை நீண்ட நாள் இளசாக இருந்து கேரட் இலையாகின்றன. பூக்கும் நேரத்தில் மேல் இலைகள் மறுபடி சிறுத்து எளிமையாகும். அப்போது அதே நர்சரிக்காரர் இரண்டாவது பாட்டிலை நீட்டுவார், பாருங்கள்.

சத்துக் குறைந்தால் இலை வெளுக்கும், நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகும், ஓரம் கருகும். ஒழுங்கான வரிசையில் அழகாகப் பிரிந்துகொண்டே போகாது. ‘இலை உருமாற்றம்’ என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு மாடித் தோட்டக்காரர்களிடம் கறக்கும் கூட்டம் பெருகிவிட்டது. அதில் பாதிப் பேர் வித்திலைக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்.

பாப்பிக் குடும்பத்தில் இலை பிரிந்திருக்கும் விதத்தை மட்டும் நம்பிச் செடியை அடையாளம் காண முடியாது. ஐரோப்பாவில் செலண்டைன் என்று கலிஃபோர்னியா பாப்பிக்கு ஓர் உறவுக்காரச் செடி உண்டு. அதற்கும் பிரிந்த இலைதான். கொழுந்து நுனியை இளமையாக வைத்திருக்கும் நாக்ஸ் மரபணுக்கள், இரண்டு செடிகளிலும் இளம் இலைக்குள்ளும் வேலை செய்கின்றன. ஆனால் செலண்டைனில் பிரிவுகள் நுனியிலிருந்து அடியை நோக்கி ஒவ்வொன்றாக முளைக்கும். கலிஃபோர்னியா பாப்பி அந்த வரிசையைப் பின்பற்றுவதில்லை. பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் வந்த வழி வேறு. பரிணாமத்தில் இப்படி எளிதாக மாறக்கூடிய ஒன்றை வைத்து எப்படி முடிவு செய்வது? நான் முதலில் பார்ப்பது இலையின் அடியை.

சரி, அந்த இரண்டு செடிகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் இலைகளுக்குக் காம்பே இல்லை. இலையின் அடி இரண்டு காதாக விரிந்து தண்டைக் கட்டிப் பிடித்திருக்கிறது. முட்டைக்கோஸ் போலச் சாம்பல் பூத்த நிறம், ஓரத்தில் ஒழுங்கில்லாத பற்கள். ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் சந்தேகமே வேண்டாம், அது கசகசாச் செடி. அபின் எடுப்பதும் இதிலிருந்துதான். (கலிஃபோர்னியா பாப்பியில் பால் வராது, நீர்த்த சாறுதான். நம் ஊர்ச் சாலையோரத்து பிரம்மதண்டும் இதே குடும்பம். கிள்ளினால் மஞ்சள் பால் வரும்.)

கடையில் கசகசா வாங்கலாம், குருமாவுக்கு அரைக்கலாம். செடியாக வளர்க்க மட்டும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதுவும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் குறிப்பிட்ட பகுதிகளில் உள்ள விவசாயிகளுக்குத்தான். ‘பூவுக்காக வளர்த்தேன்’ என்பதற்குச் சலுகை கிடையாது. ‘பியோனி பாப்பி’ என்று அடுக்கடுக்கான இதழோடு படம் போட்டு விற்கிறார்களே, அதுவும் இதே இனம்தான், அலங்கார ரகம். பெயர் மாறியதால் சட்டம் மாறாது. அலமாரியில் கிடந்த கசகசாவைத் தொட்டியில் தூவி விளையாடுபவர்களுக்கும் இதுதான் பதில். அதனால் இரண்டையும் இன்றே வேரோடு பிடுங்கிவிடுங்கள், காய்க்க விடாதீர்கள். ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும்.

இதையெல்லாம் நீங்கள் ஏன் கண்டுபிடிக்க வேண்டும்? பாக்கெட்டில் இனப்பெயர் இருந்தால் போதுமே. விதைச் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் பிடி அரசு அறிவித்த ரகங்களோடு நின்றுவிடுகிறது. இணையத்தில் ‘மிக்ஸ்’ என்று வரும் பூ விதையை யார் திறந்து பார்க்கிறார்கள்? வளர்த்தவரிடம் மட்டும் கேள்வி வரும், விற்றவர் அடுத்த மாதம் வேறு பெயரில் கடை போட்டிருப்பார்.

அடுத்த முறை ‘எஷ்ஷோல்சியா’ என்று கலிஃபோர்னியா பாப்பியின் தாவரவியல் பெயர் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ‘பப்பாவர் சோம்னிஃபெரம்’ என்றிருந்தால் அது கசகசா, தொடாதீர்கள். பெயரே இல்லாத கலவையும் வேண்டாம். அப்புறம், கேரட் இலைச் செடிகளை இடம் மாற்றி நடாதீர்கள். ஆணிவேர் அறுந்தால் வாடிவிடும். டானிக் பாட்டிலைத் திறக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.