சொந்தக் கடையில் சொந்தப் பிள்ளையை வேலைக்கு வைக்கலாமா?

கேள்வி: நிலாவெளியில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். சம்பளத்துக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். உயர்தரம் முடித்த 19 வயது மகள் பகலில் கல்லாவில் இருக்கிறா. பத்தாம் வகுப்புப் படிக்கும் 15 வயது மகன் சீசன் நாட்களில் பின்னேரம் வந்து கடை பூட்டும்வரை நிற்பான். கேஸ் வரும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். சொந்தப் பிள்ளைக்குமா?
– வாசகர், திருகோணமலை

பதில்: ஐயா, முதலில் மகனின் விஷயம், அதுதான் அவசரம். பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்களை வேலைக்கு அமர்த்தும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை 2021இல் திருத்தி, வேலைக்கான குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக்கினார்கள். கட்டாயக் கல்வியும் 16 வயது வரைதான். பெற்றோர் என்பதால் மட்டும் நீங்கள் தப்ப முடியாது. வீட்டார் சேர்ந்து செய்யும் இலகுவான தோட்ட வேலை போன்றவற்றுக்குப் பாடசாலை நேரத்துக்கு வெளியே ஒரு சிறிய விலக்கு உண்டு. இரவு பத்து மணிக்குக் கொத்து அடுப்புப் பக்கம் நிற்பதை அதற்குள் கொண்டுவர நான் துணியமாட்டேன்.

மகன் மேசையில் தண்ணீர் வைத்துவிட்டு வீட்டுக்குப் படிக்கப் போனால் அது உதவி. அவன் வராத நாளில் அந்த இடத்துக்கு ஆள் தேட வேண்டி வந்தால் அது வேலை. உங்கள் கதையைப் பார்த்தால் இது வேலைதான். சாதாரண தரம் எழுதப் போகிற பிள்ளை, ஐயா. இன்றே நிறுத்துங்கள். சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு யாராவது அழைத்தால், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காரருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 16 வயதானாலும் 18 வரை இரவு வேலையும் ஆபத்தான வேலையும் வேண்டாம்.

மகளை வேலைக்கு வைக்கத் தடையில்லை. ஆனால் முறையாக வையுங்கள். நியமனக் கடிதம் கொடுங்கள், வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குங்கள், சம்பளத்தை அவவின் வங்கிக் கணக்கில் போடுங்கள். முழுநேர வேலையென்றால் தேசியக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது; 2026 ஜனவரி முதல் அது மாதம் 30,000 ரூபா. வருமான வரியில் இந்தச் சம்பளத்தைச் செலவாகக் காட்டலாம், உண்மையில் கொடுத்திருந்தால் மட்டும். கல்லாவிலிருந்து அவ்வப்போது எடுத்துக் கொடுத்துவிட்டு வருட முடிவில் ஒரு தொகையை எழுதினால் அதிகாரி ஏற்கமாட்டார். செய்யும் வேலைக்கு மிஞ்சிய சம்பளமும் அப்படித்தான்.

அப்புறம், சம்பளத்துக்கு நிற்கும் அந்த இரண்டு பேருக்கும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறீர்களா? நீங்கள் அதைப் பற்றி எழுதவேயில்லை. ஒரு ஆள் நின்றாலும் கட்ட வேண்டும்: சம்பளத்தில் முதலாளி 12 வீதம், ஊழியரிடமிருந்து 8 வீதம், அதோடு ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம் முழுக்க முதலாளி பங்கு. அடுத்த மாதக் கடைசி நாளைத் தாண்டினால் மேலதிகக் கட்டணம் விழும். மகளையும் அதில் சேர்த்துவிடுவதே நல்லது, நாளைக்கு அவவின் பெயரில் ஒரு சேமிப்பாக இருக்கும். கணக்கு இன்னும் திறக்கவில்லையென்றால் வியாபாரப் பதிவுப் பத்திரத்தையும் மூன்று பேரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு, இந்தக் கிழமையே திருகோணமலைத் தொழில் அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்.