எல்லா மாதிரி பிளேன்லயும் ஏறணும்!

கேள்வி: அண்ணா, எனக்கு ஊரு கொளச்சல் பக்கம். நர்சிங் முடிச்சு துபாய்ல வேல கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் திருவனந்தபுரத்துல இருந்து போறேன். சின்னதுல இருந்தே ஒரு ஆச, எத்தன மாதிரி பிளேன் உண்டோ அத்தனையிலயும் ஒரு தடவயாவது ஏறணும். வீட்ல சொன்னா அப்பா சிரிக்காரு, அவரு வள்ளத்துல கடலுக்குப் போறவரு, எல்லாம் ஒண்ணுதானேங்காரு. இது நடக்குற காரியமா?

பதில்: நடக்கும் மக்களே. கட்டுமரமும் விசைப்படகும் ஒண்ணான்னு அப்பாகிட்ட கேளு, அவரே பதில் சொல்லிருவாரு.

எனக்கும் இதே ஆச உண்டு, ஏறின பிளேன் பேரெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். டிக்கெட் எடுக்கும்போ டீட்டெயில்ஸ அமுக்கிப் பாரு, எந்த பிளேன்னு போட்டிருக்கும், சில சமயம் கடைசி நேரத்துல மாத்தவும் செய்வாங்க. முதல் டிக்கெட் கம்பெனிக்காரங்க எடுப்பாங்க, அதுல நம்ம சொல்லு நடக்காது, 737ஓ ஏ320ஓ 777ஓ எது வந்தாலும் பேர எழுதிக்கோ, அவ்வளவுதான்.

லீவுக்கு வாறப்ப நீயே டிக்கெட் எடுப்பேல்லா, அப்பம் நேரா திருவனந்தபுரம் வராத. துபாய்ல இருந்து பெங்களூருக்கு எமிரேட்ஸ்னு துபாய் விமான கம்பெனி ஏ380 விடுறாங்க, 2022 அக்டோபர்ல தொடங்கினது, அதுல ஏறு. முழுநீளத்துக்கு ரெண்டு மாடி, நாலு எஞ்சின், அத்தன பெருசு மேல எழும்பும்போ உள்ள இருக்குறவங்களுக்கு சத்தமே பெருசா தெரியாது. பெங்களூர்ல இருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி ட்ரெயின் உண்டு, ஒரு நாள் கூடுதலா போகும், போட்டும். ஏன் இத முதல்ல சொல்லுறேன்னா ஏ380 செய்யுறத 2021லயே நிறுத்தியாச்சு. 1969ல முதல்ல பறந்த 747ம் அப்படித்தான், கடைசி ஒண்ண 2023 ஜனவரில குடுத்து முடிச்சாச்சு, இப்பம் ஆளேத்துற 747 வச்சிருக்குற கம்பெனி கொஞ்சம்தான், லுஃப்தான்சா அதுல ஒண்ணு. புதுசா வாற 787 எங்கயும் போகாது, ஜன்னலுக்கு ஷட்டர் இல்லாம பட்டன அமுக்கினா கண்ணாடியே இருண்டுபோற பிளேன் அது, மெதுவா ஏறிக்கலாம். மறையப்போறதுக்குத்தான் அவசரம், கேட்டியா.

கடலுக்குப் பக்கத்துல பிறந்த பிள்ள, சீபிளேன விட்டுராத. மாலத்தீவு திருவனந்தபுரத்துல இருந்து பக்கம், நமக்கு விசா அங்க போய் இறங்கினதும் குடுப்பாங்க. அங்க ட்வின் ஆட்டர்னு குட்டி பிளேன், பதினஞ்சு பேரு அளவுதான் ஏறலாம், பைலட் செருப்பில்லாம ஓட்டுவாரு, பகல்ல மட்டும்தான் ஓடும், தண்ணில இறங்கி வள்ளம் மாதிரியே ஆடிட்டு நிக்கும். ரேட்டு கூடுதல்தான், நாலஞ்சு வருசம் சம்பாதிச்சிட்டுப் போ.

எனக்கு எல்லாத்தையும் விட பிடிச்சது ஏடிஆர் 72. தூத்துக்குடி–சென்னைல அது ஓடுது. விசிறி சுத்துற பிளேன், எழுபது பேரு சொச்சம், பின்வாசல்ல ஏறணும், முன்னால லக்கேஜ். இறக்கை மேல இருக்குறதால ஜன்னலுக்குக் கீழ மறைப்பே இல்ல, நடுசீட்ல இருந்தா சக்கரம் தரைய தொடுறது கண்ணுக்கு நேரா தெரியும். ரொம்ப உயரமும் போகாது.

அதுக்கு மட்டும் ரெண்டு டிக்கெட்டா எடு மக்களே. சென்னைக்குப் போறப்ப வலதுபக்கம் ஜன்னல்ல அப்பாவ இருத்து, கடல் அந்தப் பக்கம்தான் வரும். இத்தன வருசம் கடலுக்குப் போன மனுஷன், மேல இருந்து அத பாத்திருக்க மாட்டாரு.