பட்டிக் காவலுக்கு வாங்கிய ராஜபாளையம் குட்டி: பழக்குவது குறித்த தவறான நம்பிக்கைகள்

கேள்வி: திருவில்லிபுத்தூர் வட்டத்தில் மானாவாரி விவசாயத்தோடு 25 வெள்ளாடுகளும் வளர்க்கிறேன். தெருநாய்கள் இரண்டு முறை பட்டிக்குள் புகுந்து ஆட்டுக்குட்டிகளைக் கடித்துவிட்டன. அதனால் காவலுக்கென்று 50 நாள் வயதுள்ள ராஜபாளையம் ஆண் குட்டி ஒன்றை வாங்கியிருக்கிறேன். 6 மாதம் வரை எதையும் பழக்கக் கூடாது, இப்போதிருந்தே சங்கிலியில் கட்ட வேண்டும், வீட்டாரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது, பச்சைக் குடலும் ரத்தமும் கொடுத்தால்தான் ரோஷம் வரும் என்று ஊரில் சொல்கிறார்கள். திண்ணையில் சிறுநீர் கழித்தால் மூக்கை அதிலேயே தேய்த்து அடிக்கச் சொல்கிறார்கள். கூப்பிட்டால் பல நேரம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எப்போது, எப்படிப் பழக்கத் தொடங்குவது?

பதில்: இன்றே தொடங்குங்கள். 6 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற வழக்கம், கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்து நாயைப் பணிய வைத்த காலத்திலிருந்து வந்தது. அந்த வலியைத் தாங்குமளவு உடல் முற்ற வேண்டும் என்பதற்காகக் காத்திருந்தார்களே தவிர, அதுவரை குட்டிக்குக் கற்கும் திறன் இல்லை என்பதற்காக அல்ல. அமெரிக்காவில் மெயின் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து, 1965இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 3ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை ஒரு குட்டி எதையெல்லாம் அச்சமின்றிச் சந்திக்கிறதோ, அதையெல்லாம் தன் உலகத்தைச் சேர்ந்ததாக ஏற்றுக்கொள்கிறது என்பது அவர்களது ஆய்வு காட்டிய உண்மை. இந்தப் பருவம் 14 வாரம் வரை நீளலாம் என்பது இன்றைய கருத்து. உங்கள் குட்டிக்கு 7 வாரம் கடந்துவிட்டது. எஞ்சியிருப்பது ஐந்து முதல் ஏழு வாரங்கள்தான். அவற்றைச் சங்கிலியில் கழிக்க விட்டால் பிறகு எவ்வளவு பாடுபட்டாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாது.

வீட்டாரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்ற நம்பிக்கைதான் இவற்றுள் எனக்கு மிகுந்த கவலை தருவது, ஏனென்றால் கடிக்கும் நாய்கள் பல இப்படித்தான் உருவாகின்றன. மனிதர்களைக் காணாமல் வளர்ந்த நாய் எல்லோரையும் கண்டு அஞ்சும். அஞ்சுகிற நாய் குரைக்கும், பாயும், கடிக்கும். அதைப் பார்ப்பவர் வீரம் என்று நினைத்துக்கொள்கிறார். அப்படிப்பட்ட நாய் உண்மையான ஆபத்து வரும்போது பின்வாங்கவும் செய்யும், பள்ளி விட்டு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மேல் பாயவும் செய்யும், ஏனென்றால் எது வழக்கமானது, எது வழக்கத்துக்கு மாறானது என்று பிரித்தறிய அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. காவல் என்பது அந்தப் பிரித்தறிதல்தான். ஆகவே பால்காரர், கூலிக்கு வருபவர்கள், தலைப்பாகை கட்டிய முதியவர், குடை பிடித்தவர், சிறுபிள்ளைகள், டிராக்டர் ஓசை, மோட்டார் அறை, கோவில் கொட்டு எல்லாவற்றையும் இந்த வாரங்களில் குட்டி பார்க்கட்டும், கேட்கட்டும். வந்தவர்களைக் குந்தி உட்காரச் சொல்லி, குட்டி தானாக அருகே வந்தால் மட்டும் ஒரு துண்டு வேகவைத்த முட்டையைக் கொடுக்கச் சொல்லுங்கள். தூக்கிக் கொஞ்சுமாறு யாரையும் வற்புறுத்த வேண்டாம். இவ்வாறு பழகிய ராஜபாளையம் வளர்ந்தபின் திருடனுக்கு வாலாட்டிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அயலாரிடம் ஒட்டாத இயல்பு அந்த இனத்தின் ரத்தத்திலேயே உண்டு. நாம் அதைக் கூட்ட வேண்டியதில்லை, நெறிப்படுத்தினால் போதும்.

சங்கிலியைப் பொறுத்தவரை, நாள் முழுதும் கட்டிப்போட்ட குட்டிக்குக் கழுத்தில் புண் வருவது ஒருபுறமிருக்க, எட்டிப் பிடிக்க முடியாத ஒவ்வொன்றின் மேலும் அது எரிச்சலை வளர்த்துக்கொள்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், விலங்கை நியாயமற்ற அளவு நீண்ட நேரம் மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டி வைத்திருக்கும் நாயை உலவ விடாமல் இருப்பதையும் குற்றமாகவே குறிப்பிடுகிறது. குட்டியை விட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நேரத்துக்கு, பட்டியை ஒட்டி நிழலில் கம்பிவலை அடித்து ஒரு சிறு அடைப்பு கட்டுங்கள். ஆடுகளின் வாசமும் சத்தமும் அதற்கு எப்போதும் எட்ட வேண்டும்.

பச்சைக் குடல், ரத்தம், காரம் ஆகியவற்றால் ரோஷம் வராது, வயிற்றுப்போக்குதான் வரும். ஆடு வளர்ப்பவர் என்ற முறையில் நீங்கள் இதில் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சில நாடாப்புழுக்கள் நாயின் குடலில் முதிர்ந்து, ஆட்டின் உடலில் நீர்க்கட்டிகளாக வளர்பவை. கட்டியுள்ள ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றை நாய் பச்சையாகத் தின்றால் புழு நாய்க்குள் முதிர்கிறது. நாயின் மலத்தோடு வெளிவரும் முட்டைகள் மேய்ச்சல் புல்லில் ஒட்டி மறுபடியும் ஆட்டுக்குள் போகின்றன. ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்து இறுதியில் படுத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கான காரணங்களில் ஒன்று இத்தகைய புழுவின் கட்டி மூளையில் வளர்வது. வேறொரு வகைப் புழுவின் முட்டைகள் நாயைத் தொட்ட கையின் வழியாக மனிதர் வாய்க்குள் சென்று, ஈரலிலும் நுரையீரலிலும் அறுவை செய்து எடுக்க வேண்டிய கட்டிகளை உண்டாக்குகின்றன. எனவே கறிக்கடைக் கழிவை நன்றாக வேகவைத்தே கொடுங்கள். இறந்த ஆட்டின் தலையையும் உறுப்புகளையும் வெளியே எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். குட்டிக்கு 12 வார வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறையும் குடற்புழு நீக்க மருந்து தேவைப்படும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் கலந்த மாத்திரையைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். சோறு, வேகவைத்த முட்டை, வேகவைத்த கறி, கேழ்வரகுக் கூழ் என்று நாளுக்கு நான்கு வேளை கொடுங்கள். பால் குடித்துக் கழிச்சல் கண்டால் பாலை நிறுத்திவிடுங்கள். வெங்காயம் எந்த வடிவிலும் வேண்டாம்.

மூக்கைச் சிறுநீரில் தேய்க்கும் வழக்கம் குட்டிக்கு எதையும் கற்பிப்பதில்லை. ஒரு செயலும் அதன் விளைவும் ஓரிரு நொடிகளுக்குள் சேர்ந்து வந்தால்தான் குட்டி இரண்டையும் இணைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்து விழும் அடி, உங்கள் கை வலிக்கும் என்பதை மட்டுமே சொல்லித்தரும். பிறகு அது சிறுநீரை அடக்கக் கற்றுக்கொள்ளாது, உங்கள் கண்ணில் படாமல் குதிருக்குப் பின்னால் போய்க் கழிக்கக் கற்றுக்கொள்ளும். செய்த தப்பு தெரிந்துதான் தலையைக் குனிகிறது என்று பலரும் வாதிடுவார்கள். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தின்னக் கூடாத பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதோடு அந்தக் குற்ற முகத்துக்குத் தொடர்பு காணப்படவில்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அது மிகுதியாகத் தோன்றியது. தவறே செய்யாத நாயும் அந்த முகத்தைக் காட்டியது. நாம் காண்பது நம் கோபத்துக்கு அது காட்டும் அச்சம் மட்டுமே.

சரியான வழி எளிது, ஆனால் உங்கள் கவனத்தைக் கேட்பது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்தவுடன், தின்று கால் மணி நேரத்துக்குள், விளையாடிக்கொண்டிருக்கும்போது திடீரென நிறுத்தித் தரையை முகர்ந்துகொண்டு சிறு வட்டமாகச் சுற்றும்போது, அதைக் கையில் எடுத்துக் கொல்லைப்புறத்தில் எப்போதும் ஒரே இடத்தில் விடுங்கள். நின்று காத்திருங்கள். கழித்து முடித்த அந்தக் கணத்தில், வீட்டுக்குத் திரும்பிய பிறகு அல்ல, அங்கேயே ஒரு சிறு துண்டு கறியைக் கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். திண்ணையில் நேர்ந்துவிட்டால் எதுவும் சொல்லாமல் சோப்புத் தண்ணீரால் வாசம் போகக் கழுவிவிடுங்கள், ஏனென்றால் வாசம் நிற்கும் இடத்துக்கே அது மறுபடியும் வரும். பற்களால் கையைக் கவ்வுவதையும் அடித்து நிறுத்த முயல வேண்டாம். 4 மாதத்திலிருந்து 6 மாதம் வரை பால் பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும் பருவத்தில் கடிக்கும் வேட்கை இன்னும் கூடும். கையைக் கவ்வியதும் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள். முடிச்சுப் போட்ட பழைய சாக்கைக் கடிக்கக் கொடுங்கள்.

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பிடிவாதம் என்று முடிவு செய்யும் முன் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். உடல் முழுதும் வெள்ளையாகவும் மூக்கு இளஞ்சிவப்பாகவும் உள்ள நாய்களில், அந்த நிறத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மை ராஜபாளையம் இனத்தில் பலரும் அறிந்த குறைபாடு. குட்டி ஆழ்ந்து தூங்கும்போது பின்பக்கமாக, நிழலும் காற்றும் தரை அதிர்வும் அதற்கு எட்டாத தூரத்தில் நின்று, இரண்டு தட்டுகளை ஒருமுறை தட்டுங்கள். காது கூட அசையவில்லை என்றால் வேறு நாளில் மறுபடியும் செய்து பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி திரும்பிப் பார்க்கும், ஆனால் தவறான திசையில் தேடும். செவிட்டுக் குட்டியைக் கைச்சைகையால் நன்றாகவே பழக்கலாம்; அதை அடிப்பது மட்டும் பெரும் அநியாயம். அத்தகைய நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

காது கேட்கும் குட்டியாக இருந்தால், ஒரு பெயர், ‘வா’, ‘இரு’, ‘விடு’ என்ற மூன்று சொற்கள், வீட்டில் அனைவரும் அதே சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நிமிடப் பாடம் நாளுக்கு ஐந்தாறு முறை போதும். குந்தி உட்கார்ந்து பெயரைச் சொல்லி ‘வா’ என்று ஒரே ஒரு முறை அழைத்து, வந்ததும் பரிசு கொடுங்கள். ‘வா’ என்று அழைத்து அடிப்பதோ, அழைத்து உடனே அடைப்பில் பூட்டுவதோ ஒருபோதும் வேண்டாம்.

இனி நீங்கள் எதிர்பார்க்கும் பட்டிக் காவலுக்கு வருகிறேன். நல்ல சாதி நாய் என்றால் ஆட்டைக் காப்பது தானாக வந்துவிடும் என்பதும் ஒரு தவறான நம்பிக்கையே. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டவை. ஓடுவதைத் துரத்துவது அவற்றின் இயல்பு. கிடைக்காவலுக்கென்றே தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை இமயமலைப் பகுதியின் பக்கர்வால் (Bakharwal), கத்தி (Gaddi) ஆகிய நாய் இனங்கள். உங்கள் குட்டி வளர்ந்தபின் வேலிக்குள் அயலார் வந்தால் அறிவிக்கும், தெருநாயை விரட்டும். ஆனால் துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டிகளோடு அதைத் தனியே விடும் நம்பிக்கையை ஒன்றரை, இரண்டு வயதுக்கு முன் வைக்காதீர்கள். இப்போது நாள்தோறும் காலையும் மாலையும், அமைதியான, கொம்பால் முட்டாத ஒரு வயதான பெட்டை ஆட்டோடு உங்கள் கண்பார்வையில் சிறிது நேரம் பழக விடுங்கள். துரத்த முனைந்தால் தாம்புக் கயிற்றைப் பிடித்து நிறுத்தி, வேறு பக்கம் அழைத்துச் செல்லுங்கள். 6 மாதத்துக்குப் பின் விளையாட்டாகவே ஆட்டின் காதையும் வாலையும் கவ்வத் தொடங்கலாம். அப்போது அடிப்பதை விடப் பிரித்து வைத்துச் சில வாரம் கழித்து மறுபடியும் தொடங்குவதே பலன் தரும். அதுவரை பட்டியைக் காக்க வேண்டியது குட்டி அல்ல, வேலி. கம்பிவலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்து, வெளியே கருவேல முள் அடையுங்கள்.

காதை அறுப்பதும் வாலை வெட்டுவதும் சூடு போடுவதும் நாய்க்கு வேகமோ துணிவோ தரமாட்டா. யார் சொன்னாலும் இணங்காதீர்கள்.

தடுப்பூசி முடியும் வரை குட்டியை வெளியே காட்டவே கூடாதா என்ற ஐயம் உங்களுக்கு எழக்கூடும். டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியின் முதல் ஊசியை இந்த வாரமே போட்டு, 16 வார வயது வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், தெருநாய்கள் நடமாடும் இடங்களில் குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே காட்டுங்கள்; உங்கள் வேலிக்குள் தாராளமாக நடக்கட்டும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில் தொடங்கும். மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். குட்டியின் பல் கீறினாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தெருநாய் கடித்த ஆட்டுக்குட்டிகளில் எவையேனும் உயிரோடு இருந்தால், வெறிநோய் ஆடுகளுக்கும் வரும் என்பதால், அவற்றை மற்ற ஆடுகளிடமிருந்தும் இந்த நாய்க்குட்டியிடமிருந்தும் பிரித்து வைத்து, கடித்த நாளைக் குறித்துக்கொண்டு, நாளையே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சென்று சொல்லுங்கள். நாய்க்குட்டியின் முதல் ஊசியையும் அதே பயணத்தில் போட்டுவிடலாம்.